பின்னட்டை விமர்சகர்

நாவல் வாசகர்களில் பல இனங்கள் உண்டு. அழுதுகொண்டே படிக்கிறவர், அடிக்கோடு போட்டுப் போட்டே தாளைக் கிழிக்கிறவர், இரவல் வாங்கிக்கொண்டு ஊரையே மாற்றிவிடுகிறவர் என்று வகைவகையாக இருக்கிறார்கள். அவர்களால் யாருக்கும் பெரிய ஆபத்தில்லை. இங்கே உங்களுக்கு அறிமுகமாகப் போகிறவர் வேறு. எல்லோரையும்விட அதிகமாகப் பேசுவார், எல்லோரையும்விட அழகாகப் பேசுவார், எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு கன்னத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு தீர்ப்பு வாசிப்பதுபோலப் பேசுவார். ஒன்றே ஒன்றுதான் செய்ய மாட்டார். படிக்க மாட்டார்.

பின்னட்டை விமர்சகர் என்று அவருக்குப் பெயர்.

எங்கே இருப்பார் என்றா கேட்கிறீர்கள்? எங்கே இல்லை? குளிரூட்டிய அரங்கில் முதல் வரிசையில் இருப்பார். புத்தகக் கண்காட்சியில், வாங்காத புத்தகத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். அவ்வளவு தூரம் போவானேன், பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் கோட்டைக்குப்பத்திலேயே ஒருவர் இருந்தார். வயது பத்தொன்பது. பெயர் மோகன்குமார். பொன்னேரிக் கல்லூரியில் வரலாறு, இரண்டாம் ஆண்டு.

மோகன்குமார் உறுப்பினராக இருந்த ஏரிக்கரை மாணவர் வாசகர் வட்டம், மாதத்துக்கு ஒரு நாவல் என்று வைத்துக்கொண்டு, கடைசி ஞாயிறு மாலை நாலு மணிக்கு மீன் ஏலக் கொட்டகையில் கூடும். காலையில் ஏலம் முடிந்து தரையைக் கழுவிவிட்டிருப்பார்கள். ஈரம் காய்ந்துவிடும், வாசனை காயாது. அங்கே உட்கார்ந்து பேசினால் எப்பேர்ப்பட்ட இலக்கியத்துக்கும் கொஞ்சம் வஞ்சிர வாசம் வந்துவிடும். ஏழு பேர் வருவார்கள். அவர்களில் மூன்று பேரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

வட்டத்தைத் தொடங்கியவள் ஜமுனா, தமிழ் மூன்றாம் ஆண்டு. ஏரியில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிக்கிற குடும்பம் அவளுடையது. விடுமுறை நாளில் அவளும் அம்மாவோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்குவாள். இரண்டு கையும் சேற்றைத் துழாவிக்கொண்டிருப்பதால், பிடித்த இறாலைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். வாயில் பறி இருக்கும்போது யாரோடு பேசுவது? அந்தப் பழக்கமோ என்னவோ, வட்டத்திலும் ஜமுனா பேசுவது குறைவு. மற்றவர்கள் பேசுவதை எல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாள். அடுத்தவள் மாலா, நர்சிங் படிக்கிறவள், எந்த நாவலாக இருந்தாலும் மூன்றாவது அத்தியாயத்தில் அழ ஆரம்பித்துவிடுவாள். மூன்றாமவன் மணிகண்டன். விடியற்காலையில் வலைக்குப் போய்விட்டு வந்து, ஒவ்வொரு வரியாக உதட்டை அசைத்துப் படிப்பான். அவன் விமர்சனம் எப்போதும் ஒரே வரி: "எனுக்கு புச்சிருந்துச்சு." எந்த இடம் பிடித்தது என்று கேட்டால் பக்கத்தோடு சொல்லுவான். அவனை யாரும் கேட்பதில்லை.

மோகன்குமார் பிறவியிலேயே இப்படி இல்லை. முதல் மாத நாவலை அவன் யோக்கியமாகத்தான் தொடங்கினான். பத்தொன்பதாம் பக்கத்தில் தூங்கிப்போனான். எழுந்து பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை. கொட்டகையில் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் அவன் முறை. எங்கிருந்து வந்ததோ, ஒரு வாக்கியம் வந்து நாக்கில் உட்கார்ந்தது.

"நாவல் நல்லாத்தான் கீது. ஆனா முடிவுல கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்களோன்னு தோணுது."

நாய் ஒன்று மீன் செதிலை நக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மாலா மெதுவாகச் சொன்னாள்: "ஆமால்ல?" மணிகண்டன் தலையைச் சொறிந்தான். "நீ சொன்ன அப்பாலதான் எனுக்கும் அப்டித் தோணுது." ஜமுனா குனிந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி, கீழே கோடும் போட்டாள்.

அந்தக் கோட்டில்தான் மோகன்குமார் விழுந்தான். பத்தொன்பது பக்கத்துக்கே இவ்வளவு மரியாதை என்றால், இருநூறு பக்கத்தையும் படிக்கிறவன் யார்? முட்டாள் அல்லவா?

அதற்குப் பிறகு அவனுடைய வளர்ச்சி கண்டவர் வியக்கும்படி இருந்தது. நாவல் கைக்கு வந்ததும், சதை உள்ள நண்டா வெறும் ஓடா என்று பார்ப்பதுபோல உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பான். பின்னட்டையை இரண்டு தரம் படிப்பான். முதல் பக்கத்தையும் கடைசிப் பத்தியையும் படிப்பான். சரியாக நடுவில் பிரித்து ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டு, "அம்பத்தாறாவது பக்கத்துல ஒரு வரி வருது பாரு, அங்கதான் நாவலே கீது" என்று எடுத்துவிடுவான். ஐம்பத்தாறாம் பக்கத்தைத் துல்லியமாகச் சொல்கிறவன் மற்றப் பக்கங்களைப் படிக்காமலா இருப்பான்? இரண்டாம் பாதியில் தொய்வு என்பான். எந்த நாவலின் இரண்டாம் பாதியில் தொய்வில்லை? எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அஸ்திரம் வைத்திருந்தான். "மேலாக்க பாத்தா இது குடும்பக் கதை. ஆனா அடியில?" என்று கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நிறுத்திவிடுவான். அடியில் என்ன இருக்கிறது என்பதை மற்ற ஆறு பேரும் முட்டி மோதிக்கொண்டு கண்டுபிடிப்பார்கள். யாராவது நன்றாகச் சொன்னால் கண்ணைத் திறந்து, "கரெக்ட்டு" என்பான்.

மணிகண்டன் மட்டும் ஒருமுறை, "அடியில சேறுதான் கீது" என்றான். அன்றைய நாவல் ஏரியைப் பற்றியது. உண்மையில் அவன் சொன்னது சரி.

பதினோரு மாதம், பதினோரு நாவல். அனைத்தையும் மோகன்குமார் இப்படியே கரை சேர்த்தான். பஸ்ஸில் பெண்கள் அவனுக்கு இடம் பிடித்து வைத்தார்கள். மீன் வாங்க வருகிறவர்களிடம் அவன் அம்மா மரியம்மா, "எம் புள்ள பெரிய பெரிய புக்கையெல்லாம் தப்பு கண்டுபுடிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டே செதில் சீவினாள். வாழ்க்கை இனித்தது.

பன்னிரண்டாவது மாதம் ஜமுனா கொண்டுவந்த நாவலுக்குப் பின்னட்டை இல்லை.

பொன்னேரியில் ஜெராக்ஸ் எடுத்து, சுருள் கம்பி மாட்டிய ஏழு பிரதிகள். முன்பக்கத்தில் 'இடுப்பளவு' என்று தலைப்பு, கீழே 'கங்காதரன்' என்று ஒரு பெயர். அவ்வளவுதான். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

"புது எழுத்தாளர். இன்னும் அச்சுல வரல. ஒரு போட்டிக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நம்மள மாதிரி பசங்க இன்னா சொல்றாங்கன்னு தெரியணுமாம்," என்றாள் ஜமுனா. சொல்லும்போது நோட்டைத் திறந்து மூடினாள், மூடித் திறந்தாள்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். மோகன்குமாருக்குப் புரியவில்லை. கங்காதரன் என்று யாரும் கிடையாது. இரண்டு வருடமாக ஏரிக்குப் போகாத நேரமெல்லாம் உட்கார்ந்து அந்த நாவலை எழுதியவள் ஜமுனாதான். தன் பெயரைச் சொன்னால் சிநேகிதத்துக்காகப் புகழ்ந்துவிடுவார்களே என்று பயந்து ஆண் பெயர் வைத்திருந்தாள். புகழ்ச்சிக்குப் பயப்படுகிற எழுத்தாளர் உலகத்தில் இருந்தார் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது நாவலில் சரியாகிவிடும்.

மோகன்குமாரின் திண்டாட்டத்தைச் சொல்லி முடியாது. பின்னட்டை இல்லாத நாவலை எப்படிப் படிக்காமல் இருப்பது? இணையத்தில் தேடினால் உலகத்திலுள்ள கங்காதரன்கள் எல்லோரும் வந்தார்கள், பல் டாக்டர்கூட வந்தார், இவர் மட்டும் வரவில்லை. கடைசிப் பத்தியைப் பார்த்தான். 'இறால் எல்லாம் போய்விட்டது' என்று இருந்தது. சரி, சோகம் என்று முடிவு கட்டினான். நடுப் பக்கத்தைப் பிரித்தான். அதில் சாம்பார் கொட்டியிருந்தது. வீட்டில் யாரோ சட்டி வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் மணிகண்டனிடம் தூண்டில் போட்டான்.

"இன்னா மணி, எப்டி கீது நாவலு?"

"டேய், சூப்பரா கீதுடா. அந்த நாத்தனாருங்க ரெண்டு பேரும் தண்ணில..."

"சொல்லாத, சொல்லாத," என்று அவசரமாகக் காதைப் பொத்தினான் மோகன்குமார். பஸ்ஸில் பக்கத்திலேயே ஜமுனா உட்கார்ந்திருந்தாள். படித்து முடித்தவன் எதற்கு மணிகண்டனிடம் கதை கேட்க வேண்டும்? "ஞாயித்துக்கெழம பேசலாம். அங்கதான் பேசணும்." ஜமுனாவுக்கு அவன் நேர்மை பிடித்துப்போனது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாலா அழுதாள். மணிகண்டன், "எனுக்கு ரொம்ப புச்சிருந்துச்சு," என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னான். மற்றவர்களும் நல்லபடியாகவே சொன்னார்கள். ஜமுனாவின் காது சிவந்து, பேனா ஓடிக்கொண்டே இருந்தது. எல்லோரும் மோகன்குமாரைப் பார்த்தார்கள். அவன் விரலைக் கன்னத்தில் வைத்தான்.

"கங்காதரன நல்ல எழுத்தாளர் இல்லன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா அவரு மொதல்ல எழுதுன நாவல் கீதே, அந்த அளவுக்கு இது வரல."

ஜமுனாவின் பேனா நின்றது. "மொதல்ல எழுதுனதா? நீ படிச்சிருக்கியா?"

"படிச்சதாவது! ஆளையே தெரியும். பொன்னேரில ஒரு கூட்டத்துல பாத்தேன். நல்ல ஒசரம். மீசை. கொஞ்சம் தலைக்கனம் புடிச்ச ஆளு."

ஜமுனா நாலடி பத்தங்குலம். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். "அப்புறம்?"

"அப்புறம் இன்னா, முடிவுதான். சொதப்பிட்டாரு. மனசுல இருந்து சொல்றேன், அந்தக் கடைசி அத்தியாயத்த அப்டியே பிச்சிப் போட்டா இந்த நாவல் எங்கயோ போயிடும்."

கொட்டகை ஆமோதித்தது. மணிகண்டன் மட்டும் வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான்.

சரி, இவன் பீலா விடுகிறான் என்றுதான் ஜமுனாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டதே, இதில் என்ன ஆபத்து என்கிறீர்களா? அங்கேதான் நீங்கள் எழுத்தாளர்களை அறியவில்லை. தன்னைப் பற்றி ஒருவன் சொன்னது அத்தனையும் பொய், உயரம் பொய், மீசை பொய், முதல் நாவல் பொய் என்று கண்ணால் கண்ட பிறகும், தன் நாவலைப் பற்றி அவன் சொன்ன ஒரு குறை மட்டும் உண்மையாக இருந்துவிடுமோ என்று நினைக்கிற பிராணிக்குத்தான் எழுத்தாளர் என்று பெயர். திங்கள் முழுக்க ஜமுனா நினைத்தாள். செவ்வாய் முழுக்கவும் நினைத்தாள். ஏரியில் இறங்கிச் சேற்றைத் துழாவும்போதும் அதே நினைப்பு. இறால் கையில் இடித்துவிட்டுப் போனது தெரியவில்லை. புதன்கிழமை காலை கடைசி அத்தியாயத்தைக் கம்பியிலிருந்து உருவி எடுத்து, அம்மா அடுப்பு மூட்டுகிற காகிதத்தோடு வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டரை. பஸ் நிறுத்தத்தில் மாலா மோகன்குமாரைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"டேய், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் வாயத் தொறக்காத. கங்காதரன்னு யாரும் இல்ல. அது ஜமுனா."

"எது ஜமுனா?"

"நாவல எழுதுனது. நீ சொன்னேன்னு கடைசி அத்தியாயத்தப் பிச்சிட்டா. அடுப்புல வச்சிட்டாளாம். இன்னிக்கி மூணு மணிக்குள்ள தபால்ல போடணும், அதான் கடைசி நாளு. எனுக்கு என்னவோ அது நல்ல முடிவுன்னுதான் தோணுது. ஆனா நீ தெரிஞ்சவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மோகன்குமாருக்குள் முதலில் எழுந்தது என்ன என்று நினைக்கிறீர்கள்? குற்றவுணர்ச்சியா? பெருமை. நான் ஒரு வார்த்தை சொல்லி ஒரு நாவலே மாறுகிறதா! ஏறக்குறைய மூன்று நிமிடம் அவன் தரையில் நடக்கவில்லை. நாலாவது நிமிடம் தலைக்கனம், மீசை எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. ஐந்தாவது நிமிடம் ஒரு கேள்வி வந்தது. அது சின்னக் கேள்விதான்.

அந்தக் கடைசி அத்தியாயத்தில் என்ன இருக்கிறது?

பஸ் வந்தது. மாலா ஏறினாள். அவன் ஏறவில்லை. ஒருவேளை முடிவு நிஜமாகவே மோசமாக இருந்துவிட்டால், தப்பித்தோம். படித்துப் பார்த்துவிடலாம் என்று தீர்மானித்து, வீட்டுக்கு ஓடிப் பிரதியை எடுத்துக்கொண்டு, கரையில் ஏற்றிப் போட்டிருந்த அப்பாவின் பைபர் படகுக்குள் தார்ப்பாய் நிழலில் போய் உட்கார்ந்தான். கடைசி அத்தியாயத்திலிருந்தே ஆரம்பித்தான். ஒன்றும் விளங்கவில்லை. பவுனு யார், அஞ்சலை யார், இவர்கள் ஏன் பேசிக்கொள்வதில்லை? வேறு வழியில்லை. அந்தப் பத்தொன்பது பக்கத்துக்குப் பிறகு முதல்முறையாக மோகன்குமார் ஒரு நாவலின் இரண்டாம் பக்கத்துக்குப் போனான்.

இருபதாம் பக்கத்தைத் தாண்டும்போது முதல் மாதம்போலக் கண் சொக்கும் என்று காத்திருந்தான். சொக்கவில்லை. பவுனுவும் அஞ்சலையும் நாத்தனார்கள். ஒரு கல்யாணத்தில், நீ வைத்த நண்டுக் குழம்பில் உப்பில்லை என்று ஒருத்தி சொன்னதற்காகப் பதினோரு வருடமாகப் பேச்சில்லை. ஆனால் தினமும் ஒரே இடத்தில், ஒரே தண்ணீரில், அக்கம் பக்கமாக இறால் தடவுகிறார்கள். அறுபதாம் பக்கத்தில் சோமு என்று ஒருவன் வந்தான். ஒருநாள்கூடப் படகில் ஏறாதவன். கரையில் நின்றுகொண்டு ஏரியைப் பற்றி ஊருக்கே பாடம் எடுக்கிறவன். பறவை பார்க்கச் சென்னையிலிருந்து வந்தவர்களுக்குத் தூரத்தில் குச்சியில் மாட்டிப் படபடக்கிற ஒரு வெள்ளைச் சாக்கைக் காட்டி, "அது ரஷ்யாலருந்து வரது, கிட்ட போனா பறந்துடும்," என்கிறான். அவர்கள் அரைமணி நேரம் மண்டி போட்டு அந்தச் சாக்கைப் படம் பிடிக்கிறார்கள். மோகன்குமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். படகே குலுங்கியது. பாதிச் சிரிப்பில் சட்டென்று நின்றான்.

இது நானோ?

பக்கத்துப் படகில் வலை பிரித்துக்கொண்டிருந்த அவன் அப்பா எல்லப்பன் எட்டிப் பார்த்தார். "இன்னாடா, காலேஜ் போலயா?"

"படிக்கிறேன் நைனா."

எல்லப்பனுக்குத் திக்கென்றது. சற்றுத் தள்ளிப் போய் மனைவிக்குப் போன் போட்டார். "மரியம்மா, புள்ள போட்ல குந்திக்கினு தானா சிரிக்கிறான். கேட்டா படிக்கிறேன்றான். இன்னான்னு வந்து பாரு."

மரியம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சோற்றை வைத்துவிட்டுப் போனாள். சோறு ஆறியது; பிறகு ஒரு காக்கை அதைக் கவனித்துக்கொண்டது. மோகன்குமார் நூற்றி ஐம்பதில் இருந்தான். நூற்றி எண்பதில் இருந்தான். நூற்றித் தொண்ணூற்றேழில் கடைசி அத்தியாயம் வந்தது.

பவுனுவும் அஞ்சலையும் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார்கள். இரண்டு பேர் வாயிலும் பறி. இரண்டு பறியிலும் காலையிலிருந்து தடவிய இறால். கரையில் சோமு யாருக்கோ பாடம் எடுத்தபடியே பின்னால் நடந்து, வழுக்கி, பேச்சை நிறுத்தாமலேயே ஏரிக்குள் விழுகிறான். பவுனுவுக்குச் சிரிப்பு வருகிறது. வாயைத் திறந்தால் பறி போய்விடும். அஞ்சலையைப் பார்க்கிறாள். அஞ்சலையின் தோள் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர் வழிகிறது, அவளும் பறியைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். பதினோரு வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் இப்படியே எட்டுப் பக்கம் நிற்கிறார்கள். கடைசியில் அஞ்சலை வாய்விட்டுச் சிரிக்க, பறி விழுகிறது. அதைப் பார்த்துப் பவுனு சிரிக்க, அவள் பறியும் விழுகிறது. "போச்சா?" என்கிறாள் பவுனு. "போச்சு," என்கிறாள் அஞ்சலை. இறால் எல்லாம் போய்விட்டது.

மோகன்குமார் பிரதியை மூடினான். மூக்கை உறிஞ்சினான். மணி இரண்டேகால்.

இந்த எட்டுத் தாளையா பிய்த்துப் போடச் சொன்னான்? இது இல்லாவிட்டால் அந்த இரண்டு பெண்களும் கடைசிவரை பேசவே மாட்டார்களே! ஜமுனாவுக்குப் போன் போட்டான். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டான். எடுக்கவில்லை. மணிகண்டன் வீட்டு வாசலில் நின்ற எக்ஸெல் வண்டியை, பின்னால் கட்டியிருந்த மீன் பெட்டியோடு கிளப்பினான். "டேய், ஐஸு கீதுடா அதுல!" என்று மணிகண்டன் கத்தியது பாதித் தெருவரை துரத்தியது. பழவேற்காடு போகும்வரை பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி, அவன் போன வழிக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தது.

தபால் நிலையத்தில் ஆதார் திருத்த வந்த கூட்டம். வரிசையில் நாலாவதாக ஜமுனா, மார்போடு அணைத்த பழுப்பு உறையுடன். அவளுக்குப் பின்னால் காலி மீன் கூடையோடு கஸ்தூரியம்மாள்.

"ஜமுனா! அனுப்பாத!"

வரிசையே திரும்பியது. மோகன்குமார் மூச்சு வாங்கினான். பதினோரு மாதமாகத் தங்குதடையின்றிப் பேசியவனுக்கு மூன்று வார்த்தை வர மறுத்தது.

"நான்... அது... படிக்கல."

"எத படிக்கல?"

"உன் நாவல. அன்னிக்கி படிக்காமத்தான் சொன்னேன்."

ஜமுனா அவனையே பார்த்தாள். "அது தெரியும். மீசைலயே தெரிஞ்சிடுச்சி. ஆனா முடிவையாச்சும் படிச்சிருப்பேன்னு நெனச்சேன்."

"கடைசிப் பத்தி மட்டும்."

"அப்ப போன மாசம் படிச்சது?"

"பின்னட்டை."

"அதுக்கு முந்தி?"

"எல்லாமே பின்னட்டைதான். மொத நாவல்ல மட்டும் பத்தொம்போது பக்கம்."

கஸ்தூரியம்மாள் முன்னால் நின்றவரைத் தட்டிக் கேட்டாள்: "இன்னாத்த படிக்கலயாம்? பரிச்சையா?" அவர் திரும்பாமலே சொன்னார்: "ஒரு வருசமா எதையுமே படிக்கலயாம்மா." "அடப் பாவமே," என்றாள் அவள். "பெத்தவங்க எவ்ளோ நம்பிக்கீறாங்களோ."

ஜமுனாவின் முகம் மாறியது. சிரிப்பெல்லாம் போய், கண் கலங்கிவிட்டது. "நான் அத கிழிச்சிட்டேன் மோகன். ரெண்டு வருசம் எழுதுனது. நேத்து காலைல எங்கம்மா அதுலதான் அடுப்பு பத்த வச்சிது. ஜெராக்ஸுதான், வீட்ல நோட்டுல கீது, ஆனா இப்ப எழுதியா தர முடியும்? மணி பாத்தியா?"

மோகன்குமார் சட்டைக்குள் கையை விட்டுத் தன் பிரதியை உருவினான். அங்கேயே தரையில் உட்கார்ந்து, கடைசி எட்டுத் தாளையும் கம்பியிலிருந்து ஒவ்வொரு துளையாக விடுவித்தான். அவசரத்தில் ஒரு தாளின் ஓரம் கிழிந்தது. ஜமுனா வாங்கி எண்ணிப் பார்த்து, ஓரத்தில் இருந்த ஐஸ் தண்ணீரைத் தாவணியில் ஒற்றினாள்.

"இப்ப படிச்சிட்டியா?"

"படிச்சிட்டேன். காலைலருந்து."

"சொல்லு. எப்டி கீது?"

அவன் விரல் பழக்கத்தில் கன்னத்துக்குப் போனது. போய், அங்கே என்ன செய்வதென்று தெரியாமல் கீழே இறங்கிவிட்டது. தொய்வு, அவசரம், அடியில் என்று சேர்த்து வைத்திருந்த சரக்கில் ஒன்றுகூட எதற்கும் பொருந்தவில்லை.

"சிரிச்சேன்," என்றான். கொஞ்சம் யோசித்து, "சோறு துன்னல," என்றான்.

ஜமுனா அதை எழுதிக்கொள்ள நோட்டைத் தேடினாள். நோட்டு வீட்டில் இருந்தது.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றான் அவன் தணிந்த குரலில். "அந்த சோமு... நானா?"

"நீயா?" ஜமுனாவுக்கு உண்மையாகவே ஆச்சரியம். "இல்லியே. அது எங்க சித்தப்பா."

ஒரு நாவலில் தான் கேலி செய்யப்படவில்லை என்று தெரிந்து இவ்வளவு வருத்தப்பட்ட மனிதனை அந்தத் தபால் நிலையம் அதற்கு முன் பார்த்திருக்காது. "ஏம்மா, அனுப்பறியா, இல்ல இங்கயே குந்தி படிக்கப் போறீங்களா?" என்று கஸ்தூரியம்மாள் கூடையால் முதுகில் இடித்தாள். உறையைப் பிரித்து, எட்டுத் தாளைச் சேர்த்து, மறுபடி ஒட்டி, மூன்றுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது ஜமுனா அதை உள்ளே தள்ளினாள். கங்காதரன் என்பதை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதியிருந்தாள். மோகன்குமார் கங்காதரனின் தலைக்கனத்தைப் பற்றி இனிமேலும் ஊர் ஊராகச் சொல்லாமல் இருப்பதற்காக என்று பிற்பாடு விளக்கம் சொன்னாள்.

கதை இத்துடன் நல்லபடியாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். மோகன்குமார் திருந்திவிட்டான். அதுதான் பிரச்சினை. அடுத்த மாத நாவலை முழுக்கப் படித்துக்கொண்டு வந்து கொட்டகையில் உட்கார்ந்தான். அவன் முறை வந்ததும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவன் நாற்பதாம் பக்கத்தைப் பிரித்து ஓர் இடத்தைக் காட்டி, "இது எனுக்குப் புரியல. யாருக்காச்சும் புரிஞ்சிதா?" என்று கேட்டான். கொட்டகை திகைத்தது. அதற்கு அடுத்த மாதம், "எனுக்கு புச்சிருந்துச்சு," என்றான். வட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "முன்னல்லாம் எப்டிப் பேசுவான்! படிக்க ஆரம்பிச்சதுலருந்து வீணாப் போயிட்டான்," என்றாள் மாலா. பஸ்ஸில் இடம் பிடித்து வைப்பது நின்றது. மரியம்மா செதில் சீவும்போது மகன் பேச்சை எடுப்பதில்லை.

அவனுக்கு ஒரே ஆறுதல், மணிகண்டன். இருவரும் இப்போது ஒன்றாக உட்கார்ந்து எந்தெந்தப் பக்கம் பிடித்தது என்று எண் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஐஸ் உருகியதற்கு மட்டும் இன்னும் மன்னிப்பு கிடைக்கவில்லை.

நாலு மாதம் கழித்துப் போட்டி நடத்தியவர்களிடமிருந்து கடிதம் வந்தது. 'இடுப்பளவு'க்கு இரண்டாம் பரிசு, புத்தகமாகவும் போடுகிறார்கள். ஜமுனா கொட்டகையில் வைத்து நடுவரின் பாராட்டுரையை உரக்கப் படித்தாள்: "குறிப்பாக, பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நடுக்கடலில் வீசும் அந்தப் புயல் நெஞ்சை உலுக்குகிறது."

எல்லோரும் கைதட்டினார்கள். மோகன்குமார் மட்டும் தட்டவில்லை. நாவலில் பதினோரு அத்தியாயம்தான். கடலே வரவில்லை. காற்றுகூட ஒரே ஓர் இடத்தில், வெள்ளைச் சாக்கை ஆட்டுவதற்காக வருகிறது. அவன் அதைச் சொன்னபோது மாலா எரிச்சலோடு, "அவரு பெரிய மனுசன், அவருக்குத் தெரியாதா?" என்றாள். ஜமுனா கடிதத்தை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அவர நம்ம வட்டத்துல சேத்துக்கலாமா மோகன்? உன் எடம் காலியாத்தான கீது?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்து முடித்துவிட்டு, உங்கள் வீட்டு அலமாரியில், நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம் நீங்கள் சிலாகிக்கிற அந்தத் தடித்த நாவல் இருக்கிறதல்லவா, அதை எடுத்து நூறாம் பக்கத்துக்கு மேல் எங்கேயாவது பிரித்துப் பாருங்கள். வாங்கிய நாளிலிருந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் தாள்கள் பிரியும்போது சரக்கென்று ஒரு சத்தம் வரும். கொஞ்சம் மெதுவாகப் பிரியுங்கள். பக்கத்து அறையில் ஆள் இருக்கலாம்.